90ஆ 140ஆ: பழைய ஹைலக்ஸ் டிஃபரன்சியலுக்கு ஒயில் தேடிய கதை

வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது ஒரு ரொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், மொடல் எல்என்85. 2எல் டீசல் இஞ்சின், சிங்கிள் கப், இழுப்பது பின் சில்லு இரண்டும் மட்டும்தான். அப்பா வாங்கியபோதே அது பழைய வாகனம். நெல், வைக்கோல், பசளை, சில நாள் மாடு என்று எல்லாம் ஏற்றியாயிற்று. இஞ்சின் ஒயிலை அப்பா நாள் பார்த்து மாற்றுவார். பின் அச்சின் நடுவில், இஞ்சினின் சுழற்சியைப் பின் சில்லு இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற பல் பெட்டியான டிஃபரன்சியலை மட்டும் நானும் அவரும் எட்டிப் பார்த்ததே இல்லை. கீழே ஒயில் ஒழுகினால்தானே பார்க்க வேண்டும் என்று விட்டிருந்தோம்.

ஒரு மாரியில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்துகொண்டிருந்த நேரம், முரசுமோட்டைப் பக்கம் வீதிக்கு மேலால் தண்ணீர் போனது. நெல் மூட்டைகளோடு அதைக் கடந்தேன். பின் சில்லின் அரைவாசிக்கு மேல் தண்ணீர். இஞ்சின் நிற்காமல் வந்து சேர்ந்ததே பெரிது என்று நினைத்தேன். மூன்று கிழமை கழித்து, ஐம்பது அறுபதில் ஓடும்போது பின்னால் ஒரு உறுமல் கேட்டது. முன்பும் கேட்டதுதானா, இப்போதுதான் காது கொடுத்தேனா என்று எனக்கே நிச்சயமில்லை. சரி, இனியாவது திறந்து பார்ப்போம் என்று கீழே படுத்தேன்.

ஒயிலை வடிக்கிற துளையின் திருகுப் பூட்டைத் தொடுவதற்கு முன், நிரப்புகிற துளையின் பூட்டைத் திறக்க வேண்டும். இதை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். உள்ளே இருப்பதை வடித்துவிட்டு, நிரப்புகிற பூட்டு கழராமல் நின்றால் வாகனம் அந்த இடத்திலேயே கிடக்கும். எனது பூட்டு பல வருடமாகத் திறக்காதது. 24 மில்லிமீற்றர் தலை. திறந்த வாய்ச் சாவி போட்டால் மூலை மழுங்கிவிடும் என்று ஆறு முனைச் சொக்கற் இரவல் வாங்கினேன். துருவைக் கம்பித் தூரிகையால் உரஞ்சி, துரு இளக்கும் ஒயிலை இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் சாவியின் கைப்பிடியில் ஒரு தண்ணீர்க் குழாயைச் செருகி அழுத்தினேன். ‘டக்’ என்றது. முதலில் குழாய்தான் வளைந்துவிட்டது என்று பயந்தேன். பூட்டுத்தான் இளகியிருந்தது.

கழற்றும்போதே விஷயம் விளங்கிவிட்டது. ஒயில் மட்டம் அந்தத் துளையின் கீழ் விளிம்போடு நிற்க வேண்டும், தானாக வெளியே வரக்கூடாது. எனக்கோ பூட்டை எடுத்ததும் ஒயில் தானே வழிந்தது. யாரும் ஊற்றாமல் மட்டம் ஏறியிருக்கிறது என்றால், ஏறியது தண்ணீர்தான். நிறமும் அதையே சொன்னது. நல்ல பால்தேத்தண்ணி நிறம்.

தண்ணீர் எப்படிப் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓடிவந்த அச்சு சூடாக இருக்கும், உள்ளே இருக்கிற காற்றும் சூடு. அந்தச் சூட்டோடு குளிர்ந்த வெள்ளத்தில் இறங்கினால் காற்று சட்டென்று சுருங்கும். அந்த வெற்றிடத்தை நிரப்ப வெளியிலிருந்து எதையாவது உறிஞ்ச வேண்டும். அதற்காகத்தான் அச்சுக் குழாயின் மேல் பக்கத்தில் சின்னத் தொப்பி போட்ட மூச்சுத்துளை ஒன்று இருக்கிறது. அது தண்ணீருக்குள் இருந்தால் உறிஞ்சுவதும் தண்ணீரைத்தான். சேறு பிடித்து அடைத்திருந்தால் சீல் விளிம்புகள் வழியாக உறிஞ்சும். எனது தொப்பி ஆடவே இல்லை, சேற்றோடு இறுகிப் போயிருந்தது.

பத்துக் கிலோமீற்றர் ஓட்டிச் சூடாக்கிவிட்டு வடித்தேன். அலுமினியச் சட்டியில் விழுந்தது ஒயில் மாதிரியே இல்லை. சட்டியை ஒரு நாள் அசையாமல் வைத்துப் பார்த்தேன், அடியில் கொஞ்சம் தண்ணீர் தனியே பிரிந்து நின்றது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தைச் சட்டிக்குள் ஓட்டினேன். சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒன்று ஒட்டி வந்தது. அதைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தேன். பவுடர் மாதிரி வழுக்கியது, ஒரு இடத்திலும் குத்தவில்லை. முப்பது வருடத்துப் பல்லுகள் உரசியதில் அவ்வளவு வருவது இயல்பு. விரலில் முள் மாதிரித் தட்டுப்பட்டிருந்தாலோ, செதில் செதிலாக மின்னியிருந்தாலோ ஒயில் தேடும் வேலையே இல்லை, டிஃபரன்சியலின் கூடான ஹவுசிங்கைக் கழற்றியிருக்க வேண்டும். அன்றைக்கு எனக்குப் பெரிய ஆறுதல் அந்த விரல் நுனிதான்.

இனி என்ன ஒயில் விடுவது? இதில்தான் ஆளுக்கொரு கதை.

எங்கள் கராஜ் அண்ணை வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “உது முப்பது வருசத்து வாகனம் தம்பி. பல்லெல்லாம் தேஞ்சிருக்கும். 140 விடு, சத்தம் அடங்கீடும்.”

“சத்தம் அடங்கும் அண்ணை, தேயிறது நிக்குமோ?”

“அது நிக்காதுதான். ஆனா காதுக்கு நிம்மதி.”

அண்ணை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் காதுக்கு நிம்மதி தருகிற ஒயில் எனக்கு வேண்டாம். பல்லுக்கும் பெயாரிங்குக்கும் எது நல்லதோ அதுதான் வேண்டும். ஆகவே முதலில் இது என்ன டிஃபரன்சியல் என்று பார்த்தேன். இஞ்சின் அறைக்குள் அறைந்திருக்கிற தகட்டில் அச்சுக்கான குறியீடு இருக்கும். எனது குறியீடு ஜி என்று தொடங்கி 2 என்று முடிந்தது. ஜி என்றால் உள்ளே இருக்கிற பெரிய பல்சில்லான கிரவுன் சில்லு 8 அங்குலம், எஃப் என்றால் 7.5 அங்குலம். கடைசி 2 என்பது உள்ளே பினியன் என்கிற சின்னப் பல்சில்லு இரண்டு உள்ள சாதாரண டிஃபரன்சியல். தகட்டை மட்டும் நம்பவில்லை, இடையில் யாராவது மாற்றியிருக்கலாம். பின் சில்லு இரண்டையும் தூக்கி, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு சில்லைக் கையால் சுழற்றினேன். மற்றது எதிர்ப்பக்கம் சுழன்றது. அப்படியென்றால் சாதாரணம்தான். இரண்டும் ஒரே பக்கம் சுழன்றிருந்தால் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் கிளச் தட்டுகள் உள்ளே இருக்கின்றன என்று அர்த்தம். அந்த வகைக்குத் தனி உராய்வுச் சேர்க்கை கலந்த ஒயில் வேண்டும், இல்லாவிட்டால் திரும்பும்போது தட்டுகள் அதிரும். எனக்கு அந்தச் செலவு இல்லை.

அடுத்தது போத்தலில் பார்க்க வேண்டியது. எங்கள் பக்கத்தில் கடைக்குப் போனால் “90 இருக்கு, 140 இருக்கு, எது வேணும்?” என்றுதான் கேட்பார்கள். அந்த நம்பர் தடிப்பை மட்டும்தான் சொல்லும். பல்லைக் காப்பாற்றுவது எது என்று சொல்வது போத்தலின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கிற ஏபிஐ (அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனம்) வகை: ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5. நம்பருக்கு முன்னால் நான் இதைத்தான் பார்ப்பேன்.

காரணம் இந்த டிஃபரன்சியலின் பல் அமைப்பு. இதை ஹைப்பொயிட் என்பார்கள். முன்னாலிருந்து சுழற்சியைக் கொண்டு வருகிற பெரிய பினியன் கிரவுன் சில்லின் நடு மையத்துக்கு நேராக வராமல் கொஞ்சம் கீழே இறங்கி வரும். அதனால் பினியனைப் பெரிதாகவும் பலமாகவும் செய்யலாம், புரொப்பெலர் ஷாஃப்டும் தாழ்வாகப் போகும். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. சாதாரணப் பல்லுகள் ஒன்றின்மேல் ஒன்று உருளும். இவை உருளுவதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். ஒரு தொன் பாரத்தை இழுத்துக்கொண்டு இரும்பின்மேல் இரும்பு வழுக்கும்போது நடுவில் இருக்கிற ஒயில் படலம் துடைபட்டுப் போகும். அந்த நேரத்தில் ஒயிலில் கலந்திருக்கிற கந்தக, பொசுபரசுச் சேர்மங்கள் சூட்டில் இரும்போடு சேர்ந்து மெல்லிய பூச்சு ஒன்றை உண்டாக்கும். பல்லுக்குப் பதிலாகத் தேய்ந்து போவது அந்தப் பூச்சு. கியர் ஒயிலில் மூக்கைச் சுளிக்க வைக்கிற நாற்றம் வருவதும் அந்தக் கந்தகத்தால்தான். ஜிஎல்-5இல் இருப்பதில் ஏறத்தாழ அரைவாசிச் சேர்மம்தான் ஜிஎல்-4இல். தடிப்பு அதேதான், 90 என்றால் இரண்டும் 90. ஹைலக்ஸின் கையேடு டிஃபரன்சியலுக்குக் கேட்பது ஜிஎல்-5 ஹைப்பொயிட் ஒயில்.

அப்படியென்றால் எல்லா இடத்துக்கும் ஜிஎல்-5ஐ விட்டால் என்ன? விடக்கூடாது. பல கியர் பொக்ஸ்களில் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துகிற வளையங்கள் பித்தளை. ஜிஎல்-5இன் பலமான சேர்மம் சூட்டில் பித்தளையை அரிக்கும். அங்கே கையேடு என்ன கேட்கிறதோ அதுதான். ஒரே போத்தலை எடுத்து இரண்டிலும் ஊற்றுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய இருக்கிறது, அதை விடுவது நல்லது.

கடைகளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் கடையில் பீப்பாயிலிருந்து அளந்து தருகிற ஒயில்தான் இருந்தது. “இது 90” என்றார்கள். ஜிஎல் எத்தனை என்று கேட்டேன். பதில் இல்லை. மலிவுதான், ஆனால் வகை தெரியாத ஒயிலை அச்சுக்குள் விட எனக்கு மனம் வரவில்லை. இரண்டாவது கடையில் ஒரே நிறத்தில் இரண்டு போத்தல், இரண்டிலும் முன்பக்கம் பெரிதாக 90. திருப்பிப் பார்த்தால் ஒன்று ஜிஎல்-4, மற்றது ஜிஎல்-5. கடைக்காரத் தம்பி இரண்டும் ஒன்றுதான் என்று எடுத்து நீட்டினான். அவனுக்குப் பின்பக்கத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கி வாசித்துவிட்டு, மிச்சப் போத்தல்களையும் பிரித்து அடுக்கத் தொடங்கிவிட்டான்.

வகை தெரிந்துவிட்டது. இனித்தான் நம்பர். 80டபிள்யூ-90 என்று இருந்தால் டபிள்யூ சேர்ந்த முதல் நம்பர் குளிரில் ஒயில் எவ்வளவு இளகி நிற்கும் என்பதைக் காட்டுவது. 80டபிள்யூவை மறை 26 பாகை செல்சியஸிலும், 85டபிள்யூவை மறை 12 பாகையிலும் சோதிப்பார்கள். கிளிநொச்சியில் மார்கழிப் பனியிலும் இருபது பாகைக்குக் கீழே போவது அரிது. ஆகவே 80டபிள்யூவா 85டபிள்யூவா என்று இங்கே மண்டையை உடைக்கத் தேவையில்லை. மறை 18 பாகைக்கு மேல் என்றால் கையேடும் வெறும் 90 போதும் என்றுதான் சொல்கிறது.

இரண்டாவது நம்பர் சூட்டில் எவ்வளவு தடிப்பு என்பது. 100 பாகையில் 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (தடிப்பை அளக்கிற அலகு) வரை. 140 என்றால் 24 முதல் 32.5 வரை. இஞ்சின் ஒயில் நம்பரோடு இதை ஒப்பிட்டுப் பயப்படத் தேவையில்லை, அது வேறு அளவுகோல். கியர் ஒயிலின் 90 கிட்டத்தட்ட இஞ்சின் ஒயிலின் 40, 50 தடிப்புத்தான்.

பழைய வாகனம் வைத்திருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. 2005இல் அந்த அளவுகோலைத் திருத்தினார்கள். அதற்கு முன் 90 என்பது 13.5 முதல் 24 வரை நீண்ட ஒரே வகுப்பு. திருத்தத்தில் அதை இரண்டாக வெட்டி, மேல் பாதிக்கு 110 என்று புதிய நம்பர் கொடுத்தார்கள். எங்கள் கையேடு அதற்கு முந்தியது. அதில் 90 என்று இருப்பது இன்றைய 90ஐயும் சேர்க்கும், 110ஐயும் சேர்க்கும். ஆகவே பாரம் ஏற்றுகிறேன், கொஞ்சம் தடிப்பாகத்தான் வேண்டும் என்று நினைக்கிறவருக்கு 110 கையேட்டு எல்லைக்குள்ளேயே நிற்கும். 140 அந்த எல்லைக்கு வெளியே. எங்கள் ஊரில் 110 எனக்குக் கிடைக்கவில்லை, அது வேறு விஷயம்.

140 விட்டால் என்ன கெட்டுவிடும் என்று அண்ணை கேட்டார். உடனே ஒன்றும் உடையாது. ஆனால் அந்தப் பினியனின் பெயாரிங்குகளை நினைத்துப் பார்க்க வேண்டும். அவை ஒயிலில் மூழ்கிக் கிடப்பதில்லை. கிரவுன் சில்லு அடியில் கிடக்கிற ஒயிலை அள்ளி முன்னால் எறியும், அது வாய்க்கால் மாதிரி ஒரு வழியால் ஓடி முன் பெயாரிங்குக்குப் போகும். காலையில் ஆறின வாகனத்தை எடுத்து, பாரத்தோடு மெதுவாக வயல் பாதையில் போகும்போது, தேன் மாதிரித் தடித்த ஒயில் அந்த வாய்க்காலில் ஓடி வருவதற்கு நேரம் எடுக்கும். அதோடு தடித்த ஒயிலைக் கடைந்துகொண்டே ஓடுவதால் சூடு கூடும், டீசலும் கொஞ்சம் கூடப் போகும். சோதனை 100 பாகையில் நடந்தாலும் எனது வாகனம் ஓடுகிற ஓட்டத்துக்கு அச்சு அவ்வளவு சூடாவதில்லை, ஓடி நிறுத்தியதும் ஹவுசிங்கில் கையை இரண்டு மூன்று செக்கன் வைக்க முடிகிறது. அந்தச் சூட்டில் 90க்கும் 140க்கும் உள்ள இடைவெளி இன்னும் பெரிது. நாள் முழுக்க மலை ஏறி இறங்கிப் பாரம் இழுக்கிறவருக்கோ, கையேடே 140 கேட்கிற வாகனத்துக்கோ 140 சரிதான். எனக்கு இல்லை.

75டபிள்யூ-90 முழுச் செயற்கை ஒயிலையும் விசாரித்தேன். நல்ல ஒயில்தான், சூட்டில் கெடாமல் நீண்ட நாள் நிற்கும். ஆனால் இரண்டு மடங்குக்கும் மேல் விலை. வருடா வருடம் வெள்ளத்தில் இறங்குகிற அச்சில் ஒயிலை நீண்ட நாள் விட்டுவைக்கவே போவதில்லை. விலை கூடியதை மனம் வராமல் விட்டுவைப்பதை விட, சாதாரணத்தை அடிக்கடி மாற்றுவது எனக்குச் சரியாகப் பட்டது. ஜிஎல்-5, 80டபிள்யூ-90, சாதாரணக் கனிம ஒயில், ஒரு லீற்றர் போத்தல் நான்கு வாங்கினேன். 8 அங்குல அச்சு பிடிப்பது 1.8 லீற்றர். ஒரு முறை கழுவ, ஒரு முறை நிரப்ப.

கழுவுவதற்கு டீசலோ மண்ணெண்ணெயோ விடச் சொல்வார்கள். நான் விடவில்லை. அச்சுக் குழாய்க்குள்ளும் பெயாரிங் இடுக்குகளிலும் தங்குகிற மண்ணெண்ணெய் முழுக்க வடியாது, புது ஒயிலைக் கலங்க வைக்கும். அதே ஜிஎல்-5ஐ விட்டு, வெறும் வாகனமாகப் பரந்தன் சந்தி வரை போய்த் திரும்பி, சூட்டோடு வடித்தேன். இந்த முறை நிறம் தேன், ஆனால் கலங்கல். இரண்டாவது நிரப்பலுக்கு முன் வடிக்கிற பூட்டின் அடியிலிருந்த நசுங்கிய வளையத்தை எடுத்துவிட்டுப் புது வளையம் போட்டேன். இறுக்கம் 49 நியூட்டன் மீற்றர். அதற்கான சாவியை லேத் கடையிலிருந்து இரவல் எடுத்தேன், கைப்பலத்தில் இறுக்கித்தான் முன்னையவர் எனக்கு அந்த நிரப்பும் பூட்டைச் சிக்கலாக்கியிருந்தார்.

நிரப்ப, வாகனம் சமதரையில் நிற்க வேண்டும். பின்னால் மட்டும் தூக்கி வைத்து நிரப்பினால் மட்டம் பொய் சொல்லும். சில்லு மேலால் ஒரு குழாயை இறக்கி, மேலே புனல் வைத்து, தங்கச்சி ஊற்ற நான் கீழே படுத்துக் குழாயைப் பிடித்தேன். ஒயில் மெல்லத்தான் இறங்கும், அவசரப்பட்டால் முகத்தில்தான் விழும். துளையால் ஒரு நூலாக வழியத் தொடங்கியதும் நிறுத்தச் சொன்னேன். சின்ன விரலை உள்ளே விட்டு வளைத்துப் பார்த்தால் ஒயில் விளிம்போடு தொட வேண்டும், குறைந்தாலும் 5 மில்லிமீற்றருக்குள். கூட ஊற்றுவதும் பிழை. சூட்டில் அமுக்கம் கூடி ஒயில் பக்கச் சீல்களைத் தாண்டும், அந்தப் பக்கம் இருப்பது பிரேக் சப்பாத்து.

மூச்சுத்துளையை அப்படியே விட்டிருந்தால் அடுத்த மாரிக்கும் இதே வேலைதான். தொப்பியைக் கழற்றி லேத் கடையில் கொடுத்து, அதே புரியில் ஒரு பித்தளை நிப்பிள் கடைந்து எடுத்தேன். அதில் ஒயில் தாங்குகிற ரப்பர்க் குழாயைக் கிளிப் போட்டுச் செருகி, சில்லு மேலும் கீழும் ஆடும்போது இழுபடாத அளவுக்குத் தொய்வு விட்டு, பெட்டியின் முன்சுவர் உயரம் வரை ஏற்றிக் கட்டினேன். நுனியில் மோட்டார் சைக்கிளின் சின்ன பெற்றோல் வடி மாதிரி ஒன்று, வாய் கீழ்நோக்கி. இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்தது இதுதான். எந்த ஒயிலை விட்டாலும் தண்ணீர் கலந்தால் சேர்மம் கெட்டு, பெயாரிங் உருளைகளில் துருப் புள்ளி விழும்.

சத்தம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அப்படியேதான் இருந்தது. முடுக்கும்போதும் காலை எடுக்கும்போதும் மாறாத ஒரே உறுமல். பல் சத்தம் என்றால் முடுக்கும்போது ஒரு மாதிரி, விடும்போது வேறு மாதிரி ஊளையிடும். ஒரு சந்தேகத்தில் பின் ரயர்களை முன்னுக்கு மாற்றிப் பார்த்தேன். உறுமலும் கூடவே முன்னுக்கு வந்துவிட்டது. ரயர் படி படியாகத் தேய்ந்திருந்தது. 140 விட்டிருந்தாலும் அது அடங்கியிருக்காது. அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டிக் காட்டினேன். இறங்கிக் குனிந்து ரயரைக் கையால் தடவிப் பார்த்தார். “சரி, உன்ர பக்கம்தான் நியாயம்” என்றவர், அந்த நிப்பிள் எங்கே கடைந்தது என்று கேட்டார்.

ஐந்நூறு கிலோமீற்றரில் ஒருமுறை பூட்டைத் திறந்து பார்த்தேன், மட்டம் சரி, நிறம் சரி. அடுத்த மாரியில் அதே வீதியில் அதே தண்ணீருக்குள் இரண்டு முறை இறங்கி ஏறினேன். தை பிறந்ததும் திறந்து, சின்ன விரலைத் தோய்த்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். தெளிந்த தேன் நிறம். மிஞ்சிய 400 மில்லிலீற்றர் போத்தலில் “டிஃபரன்சியலுக்கு மட்டும், கியர் பொக்ஸுக்கு வேண்டாம்” என்று பெயின்ற்றால் எழுதி, அப்பாவின் கைக்கு எட்டுகிற தட்டில் வைத்திருக்கிறேன்.